விளையாட்டுப் பலகையில் நிர்வாகப் பாடம்

நிர்வாகத் திறனை நூல்களில்தான் கற்க முடியும் என்று நானும் எண்ணியிருந்தேன். விழிஞ்ஞத்தில் நண்பர் ஒருவரின் அறையில் ஆடிய பலகை விளையாட்டு அவ்வெண்ணத்தைப் போக்கியது.

1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் உருவாக்கிய ‘பீர் விளையாட்டு’ அது. நாங்கள் பீருக்குப் பதில் சோடா என்று வைத்துக்கொண்டோம். ஒரு புளியங்கொட்டை ஒரு பெட்டி.

ஆடுவோர் நால்வர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர். ஒருவரோடொருவர் பேசலாகாது, ஆர்டர் சீட்டு மட்டுமே செல்லும். சீட்டுச் சென்று சரக்கு வந்து சேர ஏறத்தாழ நான்கு வாரம். தேங்கிய பெட்டிக்கு வாரம் அரை ரூபாய் செலவு. கொடுக்கத் தவறிய பெட்டிக்கு ஒரு ரூபாய்.

நான் மொத்த வியாபாரி. கையிருப்புத் தீர்ந்ததும் பதறி, வாரந்தோறும் கூட்டிக் கூட்டிக் கேட்டேன். பின்னர் சரக்கு மலைபோல் குவிந்தது. கடைக்கார நண்பரைக் கடிந்துகொண்டேன். அவர் வாடிக்கையாளர் சீட்டுகளை எடுத்துக் காட்டினார்: முதல் நான்கு வாரம் 4 பெட்டி, பிறகு இறுதிவரை 8. மாறியது ஒரே முறை! வெட்கித் தலைகுனிந்தேன்.

ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு காரணம் கூறுகிறது: கேட்டும் இன்னும் வந்து சேராத சரக்கை ஆடுவோர் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை.

2025 மே 2-இல் திறந்துவைக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் கப்பல்களைக் காணும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. கடலில் வந்துகொண்டிருக்கும் சரக்கும் கணக்கில் சேர்ந்ததே. விடுதிச் சமையலோ மன்ற விழாவோ, எதை நடத்தினாலும், பிறரைப் பழிக்குமுன் நாம் ஏற்கெனவே கேட்டிருப்பதை எண்ணிப் பார்ப்போம்!