காசியில் எந்தப் பக்கம் தங்குவது?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் தேய்மானம்; படி ஏறினால் வலி. அப்பா காலமாகி வருஷம் முடிந்ததும் காசிக்கு அழைத்துப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வருகிற பிப்ரவரியில் நான்கு நாள் தங்கப் போகிறோம், சிராத்தமும் செய்யவேண்டும். கன்டோன்மென்ட் பக்கம் நல்ல ஹோட்டல்கள் இருப்பதாக அத்தை சொல்கிறார். கங்கையைப் பார்த்த அறைதான் வேண்டும் என்கிறான் தம்பி. விசுவநாதர் கோயிலை ஒட்டியே தங்கிவிட்டால் அலைச்சல் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் அம்மாவின் முழங்காலைக் கேட்டுத்தான் இதை முடிவு செய்யவேண்டும். கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். ஆட்டோ நின்ற இடத்திலிருந்து அறைவரை எவ்வளவு நடை, எத்தனை படி என்பதுதான் காசியில் கணக்கு.

தம்பியின் ஆசை நியாயமானது. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்ததும் கங்கை தெரிவது பெரிய பாக்கியம்தான். ஆனால் ஆற்றைப் பார்த்த விடுதிகளில் பல, படித்துறைக்கு மேலே எழும்பி நிற்கும் பழைய கட்டடங்கள். வண்டி வாசலுக்கு வராது. மாடு, பைக், மனிதர் எல்லாம் முட்டிக்கொள்ளும் சந்து வழியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அதற்குமேல் செங்குத்தான மாடிப்படியும் ஏறவேண்டும். பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. ஒருமுறை என் பெரியம்மாவை அப்படி ஓர் அறையில் தங்கவைத்துவிட்டேன். இரண்டாம் நாளே, “நீங்கள் போய்வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். காசிக்கு வந்தும் அறைக்குள்ளேயே கிடந்தாரே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

விசுவநாதர் கோயிலை ஒட்டிய பகுதியில் ஒரு வசதி உண்டு. கோயிலுக்குள் செல்போனும் பையும் கொண்டுபோக முடியாது. அறை பக்கத்தில் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டுக் கைவீசிப் போகலாம். ஆனால் கோதோலியா சந்திப்பில் கூட்ட நேரத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். தசாசுவமேத காட்டில் மாலை ஆரத்தி முடிந்து ஜனம் திரும்பும்போது அந்தச் சாலையில் முதியவர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துவருவது பெரும்பாடு. நடக்கத் தெம்புள்ளவர்களுக்குத்தான் அந்த இடம்.

கன்டோன்மென்ட்டில் அகலச் சாலை, லிஃப்ட், வெந்நீர் எல்லாம் கிடைக்கும்; ரயில் நிலையமும் பக்கம். ஆனால் ஆறு ஐந்து கிலோமீட்டர் தள்ளி. காலையில் கிளம்பினால் நடுவில் திரும்பிவந்து படுக்க மனம் வராது. 71 வயதில் மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்காமல் நான்கு நாள் ஓடமுடியுமா?

நான் சொல்வது சோனார்புரா பக்கம். கோதோலியாவிலிருந்து அசிக்குப் போகும் பெரிய சாலையில், கேதார் காட்டுக்கும் அனுமான் காட்டுக்கும் திரும்பும் இடம். சாலையில் ஆட்டோவும் பேட்டரி ரிக்‌ஷாவும் ஓடிக்கொண்டே இருக்கும். சாலையை ஒட்டி அறை எடுத்தால் சந்து நடையும் மிச்சம். நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கும் பகுதி இது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மடம் அமைத்தது கேதார் காட்டில்தான். தகப்பனாரை இழந்த பாரதி 1898இல் அத்தை குப்பம்மாளிடம் வந்து சேர்ந்தது அனுமான் காட்டில். இன்றும் அங்கே தமிழ் பேசும் வாத்தியார்கள் இருக்கிறார்கள். இட்லியும் ரசம் சாதமும் கிடைக்கும். சிராத்தத்தன்று இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது போனால்தான் தெரியும். கேதாரேசுவரர் கோயிலுக்குச் சந்துப் பக்கம் வாசல் இருக்கிறது. ஆற்றிலிருந்து அந்தச் செங்குத்துப் படிகளை ஏறவேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அனுமான் காட்டுக்கும் கேதார் காட்டுக்கும் நடுவில் அரிச்சந்திர காட் இருக்கிறது. இரவும் பகலும் சிதை எரியும் இடம். அப்பாவை இழந்த துக்கம் ஆறாத நேரத்தில் அம்மா எதிர்பாராமல் அதன் எதிரே போய் நிற்கவேண்டாம். படித்துறை வழியாக நடக்காமல் சாலை வழியே போங்கள். பார்க்கவேண்டும் என்று அவரே கேட்டால் அது வேறு.

சோனார்புராவில் அறை கிடைக்காவிட்டால் அசி. கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல இருந்தாலும் வண்டி படித்துறைக்கு அருகிலேயே வரும், இடமும் விசாலம். பஞ்சதீர்த்த சிராத்தம் செய்வதென்றால் படகில் ஐந்து துறைகளுக்குப் போகவேண்டியிருக்கும். எங்கே ஏறினால் படி குறைவு என்று வாத்தியாரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

தேதி குறிக்கும்முன் மகா சிவராத்திரி எப்போது வருகிறது என்று பாருங்கள். அதை ஒட்டிய நாட்களில் எந்தப் பகுதியில் தங்கினாலும் கூட்டம்தான். படங்களை மட்டும் பார்த்து முன்பணம் கட்டாமல், விடுதிக்கு நீங்களே போன் செய்யுங்கள். ஆட்டோ எதுவரை வரும், தரைத்தளத்தில் அறை உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று கேளுங்கள். “பக்கம்தான்” என்று பதில் வந்தால், எத்தனை படி என்று திரும்பவும் கேளுங்கள்.