காணியைப் பார்த்துக்கொண்டவர் ‘இது என்னுடையது’ என்று மறுத்தால்…

நீங்கள் ஊர் திரும்பும்போது உங்கள் உறுதிக்காணியில் வேறொருவர் இருக்கலாம். “பத்து வருடம் கடந்துவிட்டது, இனிக் காணி எனக்குத்தான்” என்று அவர் சொல்லக்கூடும். உடனே மனம் தளர வேண்டாம். அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதை முதலில் பாருங்கள்.

அனுமதியுடன் வந்தவர்

1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தீர்கள். மறு வருடம் ஊர் திரும்பிய உறவினர் ஒருவரை உங்கள் வீட்டில் இருக்கச் சொன்னீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்கும்போது வீட்டைத் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு. வருடங்கள் கடந்ததால் மட்டும் அந்தக் கடமை ஒழியாது.

மறுதலிப்பு என்றால் என்ன?

அந்தக் கடமை தனக்கு இல்லை என்று உங்களுக்குத் தெரியும்படி வெளிப்படையாக மறுப்பதே மறுதலிப்பு. மனதுக்குள் நினைப்பது போதாது. மரம் நடுவதும் வேலி அடைப்பதும் மட்டும் பொதுவாகப் போதாது. “உரிமையாளர் நான்தான்” என்று கடிதம் எழுதுவதும், உங்களை வாசலில் மறிப்பதும் மறுதலிப்பு ஆகலாம்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் இடையூறின்றி ஆட்சி செய்தவரே உரிமை கோரலாம். வாடகையோ விளைச்சலில் பங்கோ தந்து உங்கள் உரிமையை ஏற்று நடந்த காலம் இதில் சேராது. அனுமதியுடன் வந்தவருக்கு, மறுதலித்த பிறகே இந்த 10 வருடம் எண்ணப்படும். பங்குக் காணியில் இருக்கும் சகோதரருக்கும் ஏறக்குறைய இதே விதிதான்.

கவனிக்க: அனுமதியின்றிப் புகுந்தவருக்கு, புகுந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கலாம். அரச காணிக்கு இந்த 10 வருட விதி பொருந்தாது. அதற்குப் பிரதேச செயலகத்தை அணுகுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அவர் மறுத்த திகதியையும், சொன்ன வார்த்தைகளையும், கூட இருந்தவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள்.

2. பழைய கடிதங்கள், வாடகைப் பற்றுச்சீட்டுகள், உறுதியின் பிரதி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம்.

3. விளங்காத எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் இட வேண்டாம். உங்கள் உரிமையை நீங்களே கைவிட்டதாக அது ஆகிவிடலாம்.

4. வாய்ப் பேச்சிலும் கடிதத்திலும் காலத்தைக் கடத்த வேண்டாம். காலம் ஓடுவதை உறுதியாகத் தடுப்பது நீதிமன்ற வழக்கே. சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.