சரியான எடைக்கல்



தராசைப் பற்றிய நீதிமொழிகள் 11:1-ஐ வியாபாரிகளுக்கென்றே இதுவரை வாசித்து வந்தோம். சர்க்கரை வார்டில் அது எங்களுக்கே உரியதாயிற்று.

பெருங்களத்தூர்ச் சிறுவன் ஒருவனின் புயத்தில் ஒட்டியிருந்த சென்சார் நள்ளிரவில் 52 என்று ஒலித்தது. தாயார் பதறிச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்தார். பையனுக்கோ வியர்வையில்லை, நடுக்கமில்லை. செவிலியர் விரலில் குத்திப் பார்க்க, 131! அந்தக் கையின்மேலேயே அவன் படுத்திருந்தான். அழுத்தத்தால் அளவு பொய்யாய்க் குறைந்திருந்தது.

இக்கருவி இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் திசுக்களின் இடையேயுள்ள நீரையே அளக்கிறது. சர்க்கரை அங்கே வந்துசேரச் சில நிமிஷங்கள் பிந்தும். சாப்பிட்டவுடன் வித்தியாசம் அதிகம். ஒட்டிய முதல் நாளும் கணக்குப் பிசகலாம். சில வகைகளைப் பாராசிட்டமாலும், வேறு சிலவற்றை மிகுதியான வைட்டமின் சி-யும் ஏமாற்றும். பொய்யாய் உயர்ந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உயிருக்கே மோசம். (படித்தவர்கள்தான் எண்ணை அதிகம் நம்புகிறார்கள்!) ஆகவே எண்ணும் உடலும் ஒவ்வாதபோதெல்லாம் விரலில் குத்திப் பார்க்கிறோம்.

நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறிற்று. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு, விரல்சோதனைக்கான சாதாரணப் பட்டைகளுக்கே செல்கிறது. வீடு திரும்பிய அத்தாயாரிடமும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினோம்.