நெய்வேலியில் பழைய கார்: யாரிடம் வாங்கலாம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் செகண்ட் ஹேண்ட் கார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகையில் பார்ப்பார்கள்: என்எல்சியில் ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்பவரின் கார், புதுச்சேரி கார், சென்னை டீலரின் கார். வாட்டர் வாஷ் செய்து நிறுத்தினால் எல்லாக் காரும் பளபளக்கும். ஆகவே விலைக்கு முன் வண்டியின் கதையை விசாரியுங்கள்.

ஓய்வு பெறுபவரின் கார்

உரிமையாளரையும் வண்டி பார்த்த மெக்கானிக்கையும் நேரிலேயே கேட்கலாம். டவுன்ஷிப் வீட்டிலிருந்து சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் மட்டுமே ஓடிய வண்டியில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும். அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் 2318 என்றிருந்தால், அது 2018-இன் 23-வது வாரத்தில் தயாரானது. ஓடாமல் நின்றாலும் டயருக்கும் பேட்டரிக்கும் வயதாகும். பிஎஸ்-6 டீசல் கார் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதன் புகைக்கரி ஃபில்டர் நன்றாகச் சூடேறினால்தான் கரியை எரித்துத் தள்ளும். குட்டி ஓட்டத்திலேயே காலம் கழித்தால் அடைத்துக்கொள்ளும். டவுன்ஷிப்புக்குள்ளேயே ஓட்டப்போகிறவர்களுக்கு பெட்ரோல்தான் சரி.

புதுச்சேரி கார்

விலை குறைவாகச் சொல்வார்கள். ஆனால் 12 மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருக்க இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் என்ஓசி வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சென்னை டீலர்

நிறைய மாடல் பார்க்கலாம், கடனும் சுலபம். பயம் வெள்ளத்தில் நின்ற வண்டிதான்: 2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் இரண்டையும் மறக்க வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால் விலகிவிடுங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியையும் சீட்டின் அடித்தண்டவாளத்தையும் துருவுக்காகப் பாருங்கள். 2015-இல் நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டமும் மூழ்கியது. உள்ளூர் வண்டிக்கும் இதே சோதனைதான்.

எங்கே வாங்கினாலும்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். கடன் இருந்திருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-உம், பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30-இல் கையெழுத்தும் வாங்குங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருக்கே போகும்.

ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிலை என்றால் என் தேர்வு முதல் வகைதான். சற்றுக் கூடுதல் விலை கேட்டாலும், வண்டி எப்படி ஓடியது என்று சொல்ல ஆள் இருப்பதற்கு அந்தப் பணம் தகும்.