முன் டயரில் பட்டன் இருக்கிறது. பின் டயரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னுடைய கார் 2018 மாடல் போர்ஷே 718 கேமன், 19 அங்குல வீல். நான் இரண்டாவது ஓனர். வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஞாயிறு காலையில் மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர், எப்போதாவது வால்பாறை, வருடத்தில் ஓரிரு முறை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ட்ராக் டே, அவ்வளவுதான். போன மாதம் மழையில் ஒரு வளைவில் பின்பக்கம் லேசாக வழுக்கியது. இறங்கிப் பார்த்தால் பின் டயர்களில் பட்டன் நடுவில் 2.5 மி.மீ.தான் மிச்சம். முன் டயர்களில் 5 மி.மீ. இருக்கிறது, பார்க்கவும் புதிதுபோலத்தான் தெரிகிறது. முன் டயரில் 3518 என்றும் பின் டயரில் 1121 என்றும் அச்சிட்டிருக்கிறது.

பின்னால் மட்டும் இரண்டு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். ஷோரூமில் ‘என்’ முத்திரை உள்ள டயரைத்தான் போட வேண்டும் என்கிறார்கள். டயர் கடைக்காரர், அதே கம்பெனியில் முத்திரை இல்லாதது விலை குறைவு, அதுவே போதும் என்கிறார். ட்ராக்குக்கு வரும் நண்பர்கள், ‘செமி ஸ்லிக் போடு, பின்னால் ஒரு சைஸ் அகலமாகவே போடு’ என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நான்கையும் மாற்றுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், கார் வந்த அதே சைஸ். செமி ஸ்லிக் வேண்டாம். கிடைத்தால் ‘என்’ முத்திரை உள்ளதையே வாங்குங்கள். காரணங்களைச் சொல்கிறேன். அவை தெரிந்திருந்தால்தான் கடையில் ஆளுக்கொன்று சொல்லும்போது குழம்பாமல் இருப்பீர்கள்.

முதலில் அந்த நாலு இலக்க எண்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். பின் டயர் 2021-ன் 11-வது வாரம், அதாவது மார்ச் நடுவில் தயாரானது. முன் டயர் 2018-ன் 35-வது வாரம், ஆகஸ்ட் கடைசி. காரோடு வந்த டயராகத்தான் இருக்கும். போர்ஷே தன் கார்களுக்கு ஆறு வயதைத் தாண்டிய டயர் வேண்டாம் என்கிறது. உங்கள் முன் டயர்கள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. குறைவாக ஓடும் கார்களில் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பருக்கு வயதாகிவிடும். வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகிப்போகும். பீரோவில் பல வருடம் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் மெதுவாக நடக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். முடி அளவு வெடிப்பு தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. வெடிப்பே இல்லாவிட்டாலும், ரப்பர் இறுகியிருந்தால் ஈரத்தில் பிடிக்காது.

ஏன் பிடிக்காது? டயருக்குக் கிரிப் வருவது, மென்மையான ரப்பர் சாலையின் ஜல்லிக்கற்களைச் சுற்றி அமுங்கி, ஒவ்வொரு சின்ன மேட்டையும் கவ்விக்கொள்வதால்தான். காய்ந்த ரோட்டில் ரப்பர் கொஞ்சம் இறுகியிருந்தாலும் சமாளித்துவிடும். நனைந்த ரோட்டில், நடுவே இருக்கும் தண்ணீர்ப் படலத்தைத் தாண்டி அந்தக் கற்களை அது தொட்டாக வேண்டும். அதற்கு இரண்டு தேவை: தண்ணீர் வெளியேற ஆழமான பள்ளம், கற்களோடு ஒட்ட மென்மையான ரப்பர். உங்கள் காரில் பின்னால் முதலாவது இல்லை, முன்னால் இரண்டாவது இல்லை.

பின் டயரின் 2.5 மி.மீ. சட்டத்துக்குப் போதும், குறைந்தபட்ச அளவு 1.6 மி.மீ.தான். ஆனால் அகலமான டயருக்கு அந்த எல்லைவரை காத்திருக்கக் கூடாது. உங்கள் பின் டயரின் அகலம் 265 மி.மீ. காரின் எடையோ 1,350 கிலோவை ஒட்டித்தான். அகலம் கூடக் கூட, அதே எடை அதிகப் பரப்பில் பரவுகிறது. தண்ணீரை அமுக்கித் தள்ளும் அழுத்தம் குறைந்து, டயர் தண்ணீரின் மேலேயே மிதக்க ஆரம்பிக்கும் வேகமும் குறைகிறது. அதனால் இந்த மாதிரி கார்களுக்கு 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். உங்கள் கார் வழுக்கியது ஓட்டுநர் தவறாக இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் அளந்தது டயரின் நடுவில். இந்தக் கார்களில் பின் சக்கரங்கள் மேல்பக்கம் லேசாக உள்சாய்ந்து நிற்கும்படி அமைத்திருப்பார்கள். வளைவில் நல்லது; ஆனால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். முன் டயரைப் போல இதைத் திருப்பிப் பார்க்க முடியாது. காரை ரேம்பில் ஏற்றி, பின் டயரின் உட்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நடுவில் 2.5 மி.மீ. இருக்கும் டயர், உள்விளிம்பில் மொட்டையாகவே இருக்கக்கூடும்.

சரி, பின்னால் மட்டும் புதிது போட்டால் என்ன? உங்கள் காரில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் பின்பக்கம். அதனால்தான் முன்னால் 235/40, பின்னால் 265/40 என்று இரு வேறு சைஸ். முன்பக்கம் எவ்வளவு பிடிக்க வேண்டும், பின்பக்கம் எவ்வளவு என்கிற கணக்கு அந்த ஜோடிக்குள் இருக்கிறது. பின்னால் புது ரப்பர், முன்னால் ஏழு வருட ரப்பர் என்று போட்டால், குன்னூரிலிருந்து மழையில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புவீர்கள், மூக்கு திரும்பாமல் நேராகத் தடுப்புச்சுவரைப் பார்த்துப் போகும். இதையே தலைகீழாக்கி, முன்னால் நல்ல டயரும் பின்னால் தேய்ந்ததும் இருந்தால் இன்னும் மோசம். பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் இருக்கிறதே என்று நம்பக் கூடாது. அவை இருக்கிற கிரிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கும். இல்லாத கிரிப்பை எங்கிருந்து கொண்டுவரும்?

இப்போது செமி ஸ்லிக். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 அருமையான டயர், மறுக்கவே முடியாது. ஆனால் அது செய்யப்பட்டது காய்ந்த ட்ராக்குக்காக. பள்ளங்கள் குறைவு, அந்த ரப்பர் சூடேறினால்தான் முழுசாகப் பிடிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலும் உங்களுக்கு எதிரே வருவது மூடுபனி, இலைச் சருகு, லாரி சிந்திய டீசல், பாறையிலிருந்து ரோட்டில் வழியும் ஊற்றுத் தண்ணீர். அங்கே பொதுச் சாலையில் போகக்கூடிய வேகத்தில் கப் 2 சூடாகவே ஆகாது. அந்த டயரின் திறமை முழுக்க வீணாகி, குறை மட்டும் கூடவே வரும்.

கரி ஸ்பீட்வே 2.1 கி.மீ. ட்ராக். கோவை மண்ணின் ரேஸ் வீரர் கரிவரதன் பெயரைத் தாங்கிய இடம். போக வேண்டிய இடமும்தான். ஆனால் வருடத்தில் ஓரிரு நாளுக்காக மீதி நாட்களின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நல்ல ரோடு பெர்ஃபார்மென்ஸ் டயர் அங்கே தாராளமாகப் போதும். ஐந்தாறு ரவுண்டு ஓட்டி, ஒரு ரவுண்டு ஆறவிட்டு, பிட்டில் காற்றைப் பாருங்கள். சூட்டில் ஏறியதைக் கொஞ்சம் இறக்கலாம். வீட்டுக்குக் கிளம்பும் முன் டயர் ஆறியதும் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். ட்ராக் டே பழக்கம் முற்றி மாதாமாதம் போகத் தொடங்கினால், அப்போது தனியாக ஒரு செட் வீல் வாங்கி அதில் செமி ஸ்லிக் போட்டுக்கொள்ளுங்கள்.

அகலம் கூட்டும் யோசனையையும் விட்டுவிடுங்கள். 265/40 பின் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 695 மி.மீ. அதற்குப் பதில் 275/40 போட்டால் 8 மி.மீ. கூடும், 275/35 போட்டால் கிட்டத்தட்ட 20 மி.மீ. குறையும். முன் சக்கரமும் பின் சக்கரமும் எத்தனை சுற்று சுற்றுகின்றன என்பதை ஒப்பிட்டுத்தான் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் முடிவெடுக்கிறது. அந்தக் கணக்கைக் குழப்புவதோடு, மழையில் மிதப்பதையும் நீங்களே சீக்கிரமாக்கிக்கொள்வீர்கள்.

அப்படியானால் எது? ‘மேக்ஸ் பெர்ஃபார்மென்ஸ் சம்மர்’ என்ற வகையில் பாருங்கள். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பிரெல்லி பி ஜீரோ, கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் எல்லாம் இந்த வரிசை. காய்ந்த ரோட்டில் கூர்மை, ஈரத்தில் நம்பிக்கை, இரண்டையும் சேர்த்துத் தருவது இந்த வகைதான். இவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, உங்கள் இரண்டு சைஸும் ஒரே மாடலில், புதிய தேதியில் கிடைக்கிறதா என்பதே பெரிய விஷயம். ஒரு எச்சரிக்கை: இந்த ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். ஜனவரி விடியற்காலை ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் முதல் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள்.

சைடுவாலில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 92, 98 என்பவை சுமை எண்கள்: ஒரு டயர் 630 கிலோவும் 750 கிலோவும் தாங்கும் என்று பொருள். காருக்குக் குறித்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது, மேலே போகலாம். ‘டபிள்யூ’ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை, ‘ஒய்’ என்றால் 300 வரை. உங்கள் காரின் உச்சவேகம் 275. அந்த வேகத்தில் நீங்கள் போகப்போவதில்லை, போகவும் கூடாது. ஆனாலும் ‘ஒய்’ தேவை, ஏனென்றால் அந்த எழுத்து டயரின் கட்டுமானம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதையும் சொல்கிறது. ட்ரெட்வேர் எண் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸுக்கு 300, கப் 2-க்கு 180. ஒரே கம்பெனிக்குள் எது சீக்கிரம் தேயும் என்று பார்க்க அது உதவும். கம்பெனிகளே தங்கள் டயருக்குக் கொடுத்துக்கொள்ளும் எண் என்பதால், ஒரு கம்பெனியை இன்னொன்றோடு ஒப்பிட அதை நம்ப வேண்டாம்.

‘என்’ முத்திரை வெறும் வியாபாரத் தந்திரம் இல்லை. போர்ஷேயும் டயர் கம்பெனியும் சேர்ந்து அந்தக் காருக்காகவே ரப்பர் கலவையையும் உள்கட்டுமானத்தையும் மாற்றிச் சோதித்து ஒப்புக்கொண்ட டயர் அது. என்-0 முதல் அங்கீகாரம், என்-1 அதன் அடுத்த திருத்தம். ஒரே அச்சில் என்-0, என்-1 கலக்கக் கூடாது. கார் வாரன்டியில் இருந்தால் முத்திரை இல்லாததைப் போடுவதற்கு முன் ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி முடிந்து, முத்திரை டயர் கிடைக்கவே இல்லை என்றால், முத்திரை இல்லாத ஒரே மாடல் நான்கு போடலாம். முத்திரையோடு இரண்டு, முத்திரை இல்லாமல் இரண்டு என்ற கலவைதான் எல்லாவற்றிலும் கெட்டது.

நம் ஊரில் இந்த சைஸ்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2020 ஜூனிலிருந்து புதிய டயர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசின் உரிமம் தேவைப்படுவதால், கேட்டவுடன் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் நான்கு டயரின் தேதியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குள் இருந்தால் நல்லது. இரண்டைத் தாண்டியதை எந்தத் தள்ளுபடிக்கும் வாங்காதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு இந்த செட்டும் தேய்ந்து போகப்போவதில்லை, வயதாகித்தான் போகும். கடைக்காரர் குடோனில் கழிந்த ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம்.

மாட்டும்போது கூடவே நில்லுங்கள். பட்டன் அமைப்பு இருபக்கமும் ஒரே மாதிரி இல்லாத டயரில் ‘அவுட்சைடு’ என்று எழுதிய பக்கம் வெளியே வர வேண்டும். ரிம்மைக் கீறாத பிளாஸ்டிக் கவர் போட்ட மெஷின் இருக்கிறதா என்று பாருங்கள். காற்றழுத்த சென்சார் வால்வின் சீல்களைப் புதிதாக்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளை ஏர் கன்னால் விட்டுவிடாமல், கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்க வேண்டும். பேலன்சிங் முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட்; இதைத் தவிர்த்தால் அதே உள்விளிம்பு மறுபடி தேயும். முதல் 300 கி.மீ. அவசரப்படாமல் ஓட்டுங்கள், டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு போக வேண்டும். அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள்.

நான்கையும் ஒரே நேரத்தில் வாங்கப் பணம் இப்போது இல்லையென்றால், இரண்டு வாங்கி மாட்டுவதைவிட மாற்றுவதையே தள்ளிப்போடுங்கள். அதுவரை வண்டி ஊருக்குள்ளேயே, காய்ந்த ரோட்டில் மட்டும் நிதானமாக ஓடட்டும். மலைக்கும் ட்ராக்குக்கும் கொண்டுபோக வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் நான்கும் மாறிவிட்டால், குன்னூருக்கு மழையிலும் நிம்மதியாகப் போய் வரலாம்.