இரவல் ஒளியில் வண்ணத்திரை

மாணவர்களே, தொலைக்காட்சித் திரையை வெயிலில் வைத்தால் படம் மங்குகிறது. செய்தித்தாளோ தெளிவாகத் தெரிகிறது. ஏன்? தாள் தன்மேல் விழும் ஒளியையே திருப்பி அனுப்புகிறது.

மின்தாள் என்னும் திரையும் அப்படித்தான். அதன் நுண்ணிய கூடுகளில் வெள்ளை, கறுப்புத் துகள்கள் எதிரெதிர் மின்னூட்டத்துடன் மிதக்கின்றன. மின்னழுத்தத்தின் திசைக்கேற்ப ஒரு நிறம் மேலே வரும். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாளின்மேல் அமைத்தால் திரை வளையும்.

வண்ணத்துக்கு என்ன செய்வது? ஒவ்வொரு புள்ளியையும் மூன்றாகப் பிரித்து, மேலே சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை வைக்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். புள்ளியின்மேல் 90 அலகு வெள்ளொளி விழுந்தால், ஒரு வடிகட்டியின்மேல் விழுவது 30 அலகு. அதில் தன் நிறமான 10 அலகையே அது விடும். ஆகவே சிவப்புக்கு 10 அலகு. மூன்றும் சேர்ந்த வெள்ளைக்கே 30 அலகுதான்! வெள்ளை சாம்பலாகத் தோன்றும்.

2016-இல் ஈ இங்க் நிறுவனம் அறிவித்த முறையில் வடிகட்டி இல்லை. வெள்ளை, மஞ்சள், மெஜந்தா, சயான் துகள்கள் நான்கும் ஒரே குழியில் உள்ளன. வெள்ளையின்மேல் நிற்கும் மஞ்சள் நீலத்தையும், மெஜந்தா பச்சையையும் உறிஞ்சிவிட, புள்ளி முழுவதும் சிவப்பாகும். 30 அலகு திரும்பும். ஆனால் நான்கையும் பிரித்து நிறுத்த நேரம் பிடிக்கிறது.

சயான் சிவப்பை உறிஞ்சும். அப்படியானால் மஞ்சளும் சயானும் சேர்ந்தால் எந்நிறம்? எண்ணிப் பாருங்கள்.