ஜீரோ டிரஸ்ட்: தஞ்சையின் இளம் பாதுகாப்புப் பொறியாளருக்கு ஒரு கடிதம்

அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கிறது என்பதற்காக ஒரு கணினியை நம்பிவிடக் கூடாது. வெளியே இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடவும் கூடாது. கேட்பவர் யார், எந்தக் கருவியிலிருந்து கேட்கிறார், எதைக் கேட்கிறார் என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே வழிவிட வேண்டும். ஜீரோ டிரஸ்ட் முறையின் அடிப்படை இதுதான். 2010-இல் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஜான் கிண்டர்வாக் இதைப் பரவலாக்கினார். 2009-இல் ஊடுருவலுக்கு ஆளான கூகுள், ஊழியர்கள் விபிஎன் இல்லாமலே எங்கிருந்தும் வேலை பார்க்கும் ‘பியாண்ட்கார்ப்’ ஏற்பாட்டைக் கட்டியது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு வெளியிட்ட 800-207 என்ற ஆவணம், இத்துறைக்கு வருபவர் விற்பனைக் கையேடுகளைத் தொடுமுன் படிக்க வேண்டியது.

காவிரி டெல்டாவில் இதற்கு இப்போது நேரடித் தேவை வந்துவிட்டது. சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்த்த பலர் 2020-இல் லேப்டாப்போடு ஊர் திரும்பினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஒரே நிறுவனத்தின் ஆட்களில் ஒருவர் அங்கேயும், ஒருவர் மன்னார்குடி வீட்டிலும், ஒருவர் சென்னையிலும் இருக்கும்போது ‘உள்ளே’ என்று சொல்ல ஓர் இடமே இல்லை.

டெல்டாவில் வளர்ந்தவருக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையம் தெரியும். போன போகத்தில் நல்ல நெல் போட்டவர் என்பதற்காக இந்தப் போகத்து நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்காமல் விடுவதில்லை. வழக்கமான வரம்பு 17 சதவீதம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதனால் விவசாயியைச் சந்தேகிக்கிறார்கள் என்று ஆகிவிடாது. சக ஊழியர்களிடம் இந்த முறையை விளக்கும் பொறியாளருக்கு இது கைகொடுக்கும். ஏனென்றால், பெயரைக் கேட்டதுமே ‘எங்களை நம்பவில்லையா’ என்றுதான் கேட்பார்கள்.

உள்வலையைப் பிரித்து வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு இந்திய நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது. சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்தது என்று அணுமின் கழகம் அக்டோபர் 30-இல் ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி இருந்த வலை, முக்கியமான உள்வலையிலிருந்து தனியாக இருந்ததால் நிலையத்தின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் கழகம் சொன்னது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சைபர் தாக்குதலால் ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவைக் கையால் எழுதும் நிலை வந்தது. வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பொறியாளர், புதிய மென்பொருள் வாங்கச் சொல்லுமுன் எந்த சர்வர் எதோடு பேசுகிறது என்று வரைபடம் போட உட்காருவார்.

அடுத்தது கணக்குகள். 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்துக்குள் நுழைய, பயன்பாட்டில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கின் கடவுச்சொல் போதுமானதாக இருந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்கு இல்லை. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூட வேண்டும்.

அன்றாடத்தில் இது எப்படி நடக்கும்? ஒரத்தநாட்டில் வீட்டிலிருக்கும் ஊழியர் இரவு சம்பளப் பட்டியலைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்கீ அவரை அடையாளம் காட்டுகிறது. லேப்டாப் நிறுவனத்துடையதா, அதன் வட்டு குறியாக்கம் செய்யப்பட்டதா, அப்டேட் போட்டதா என்று, அனுமதியை முடிவு செய்யும் மென்பொருளான கொள்கை இயந்திரம் பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் சம்பளச் செயலி மட்டும் திறக்கும். பக்கத்து சர்வர் கண்ணிலேயே படாது. அப்டேட் பாக்கி என்றால் பட்டியலைப் பார்க்கலாம், பதிவிறக்க முடியாது.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ் ஓடிபியில் மட்டும் நிறுத்துவது சரியல்ல. மாடிக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் ஊர்கள் உண்டு. ஓடிபியை ஏமாற்றிப் பிடுங்குவதும் எளிது. உள்நுழைவுக் கோரிக்கை வரும்போது கைபேசியில் அழுத்தும் ‘அனுமதி’ பொத்தானும் போதாது. 2022-இல் உபர் நிறுவனத்தில், ஓயாமல் வந்த கோரிக்கைகளில் ஒன்றை ஒப்பந்த ஊழியர் ஒருவர் கடைசியில் ஏற்றுவிட, தாக்கியவர் உள்ளே போனார். பாஸ்கீ அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியே நல்லது. அந்தச் செலவை நிறுவனம்தான் ஏற்க வேண்டும்; ஊழியரின் கவனத்தை மட்டும் நம்பிப் பாதுகாப்பைக் கட்டுவது அநியாயம்.

2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், டெல்டாவில் பல ஊர்களை நாள்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் விட்டது. ஒவ்வொரு கோரிக்கையையும் சரிபார்க்கும் முறைக்கு இணைப்பு வேண்டும். அது அறுந்தால் எந்த வேலை நிற்கலாம், எது நிற்கக் கூடாது, அவசரக் கணக்கின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தொட்டாலே மேலதிகாரிக்குத் தகவல் போக வேண்டும்.

கடைசியாகப் பதிவேடுகள். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களைத் தேசிய நேரச் சர்வர்களோடு இணைக்கவும் அதே ஆணை சொல்கிறது. பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். தஞ்சை அலுவலகத்தின் பதிவும் மன்னார்குடி லேப்டாப்பின் பதிவும் பத்து நிமிடம் முன்பின்னாக இருந்தால், ஊடுருவியவர் எங்கே முதலில் நுழைந்தார் என்பதை அந்த ஆறு மணி நேரத்தில் கண்டுபிடிப்பது கடினம்.